‘சும்மா’ ஆடும் அறையில் சாம்பியன் டெக்: முப்பது வருடச் சண்டையின் கதை

ஆன்லைனில் கார்டு கேம் ஆடுகிறவர்களிடையே ஒரு சண்டை மட்டும் ஓய்வதே இல்லை. இந்த கேம்களில் பெரும்பாலும் இரண்டு வாசல்கள் இருக்கும். ஒன்று ரேங்க்டு, அதாவது தரவரிசைக்காக ஆடுவது. இன்னொன்று கேஷுவல், அதாவது சும்மா ஆடுவது. கேஷுவல் வாசலில் நுழைந்த ஒருவருக்கு எதிரே, பெரிய போட்டிகளில் ஜெயித்த டெக்கை ஒரு கார்டு பிசகாமல் அப்படியே எடுத்து வந்த இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். நாலாவது டர்னில் ஆட்டம் காலி. தோற்றவர், "இதை ரேங்க்டில் போய் ஆட வேண்டியதுதானே?" என்பார். ஜெயித்தவர், "எந்த விதியை மீறினேன், காட்டுங்கள்" என்பார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருப்பதுதான் சிக்கல்.

இது ஏதோ நேற்று முளைத்த சண்டை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த வகை கேம் பிறந்த வருடத்திலேயே சண்டையும் பிறந்துவிட்டது. அதன் வரலாற்றைப் பார்த்தால், "சும்மா ஆடுவது" என்ற சொல்லுக்கு ஒவ்வொருவரும் எப்படி வேறு வேறு அர்த்தம் வைத்திருந்தார்கள் என்பது புரியும்.

1993: அபூர்வ கார்டு அபூர்வமாகவே இருக்கும் என்ற நம்பிக்கை

முதலில் டெக் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நமக்குத் தெரிந்த சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் ஒரே 52 சீட்டு. ரம்மியோ கழுதையோ, யாரும் வீட்டிலிருந்து நாலு ஏஸ் கொண்டுவர முடியாது. ஆனால் 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியான ‘மேஜிக்: தி கேதரிங்’ இந்த அடிப்படையையே மாற்றியது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆசிரியர் உருவாக்கிய கேம் அது. பீட்டர் அட்கிசன் நடத்திய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற சிறிய கம்பெனி வெளியிட்டது. முதல் தொகுப்பில் 295 வகைக் கார்டுகள். கடையில் பாக்கெட் வாங்கிப் பிரித்தால் எந்தக் கார்டு வரும் என்று தெரியாது. கிடைத்ததை வைத்து அவரவர் தன் சொந்தக் கட்டைத் தயாரித்துக்கொண்டு வந்து மோத வேண்டும். அந்தச் சொந்தக் கட்டுதான் டெக்.

அந்தக் காலத்து விதிப்படி டெக்கில் குறைந்தது 40 கார்டு இருந்தால் போதும். ஒரே கார்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்! இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. ஒரு ஆள் இரண்டு மூன்று பாக்கெட் வாங்குவார், சாதாரண போர்டு கேமுக்குச் செலவழிக்கிற அளவுக்குத்தான் செலவழிப்பார், ஒரு நண்பர் வட்டத்தில் பலமான அபூர்வ கார்டு ஒன்றோ இரண்டோதான் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அதாவது ஒருவர் டெக் அளவுக்கு மீறிப் பலமாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை விதி செய்யவில்லை. கார்டு கிடைக்காமை செய்தது.

இந்தக் கணக்கு சில மாதங்களில் தவிடுபொடி ஆனது. கேம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விற்றது. சிலர் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். பிளாக் லோட்டஸ், சேனல், ஃபயர்பால், இவற்றோடு ஒரு மலை நிலக் கார்டு. இந்த நாலும் முதல் கையிலேயே வந்துவிட்டால் முதல் டர்னிலேயே எதிரியின் 20 உயிர்ப் புள்ளிகளும் காலி. எதிரே இருப்பவர் ஒரு கார்டுகூட இறக்கியிருக்க மாட்டார். இப்படிப்பட்ட கார்டுகளை ஒரே டெக்கில் பத்து, இருபது என்று அடுக்கினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, "நண்பர்களோடு சும்மா ஆடும்" மேஜையில் போட்டி டெக் வந்து உட்கார்ந்த முதல் சம்பவங்கள் இவைதான். அப்போது இன்டர்நெட் ஆட்டமும் இல்லை, ரேங்க்டு என்ற சொல்லும் இல்லை.

விதியும் தனி அறையும்

1994 தொடக்கத்தில் போட்டிகளுக்கென்று விதிகள் வந்தன. டெக்கில் குறைந்தது 60 கார்டு, ஒரே கார்டு அதிகபட்சம் நாலு, சில கார்டுகள் ஒன்று மட்டும், சில கார்டுகளுக்குத் தடை. அந்த வருடமே முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஜாக் டோலன் என்ற அமெரிக்கர் ஜெயித்தார். 1995-ல் புதிய தொகுப்புகளை மட்டும் வைத்து ஆடும் ‘டைப் 2’ என்ற பிரிவு வந்தது. (இன்றைக்கு ஸ்டாண்டர்டு என்கிறார்களே, அதன் மூதாதை.) 1996-ல் பணப் பரிசோடு புரோ டூர் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விதி போட்டிக்குத்தான் வந்தது. வீட்டு மேஜைக்கு யாரும் விதி எழுதவில்லை. போட்டி அல்லாத எல்லாமே கேஷுவல் என்று ஆனது. அதாவது கேஷுவல் என்பதற்கு என்ன என்ற வரையறை கிடையாது, என்ன இல்லை என்ற வரையறை மட்டும்தான். இந்த ஓட்டை இன்று வரை அடைபடவில்லை.

அதே சமயத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஊருக்கு ஊர் தனித்தனியாக இருந்த ரகசியங்களை இன்டர்நெட் ஒன்றாகச் சேர்த்தது. யூஸ்நெட் குழுக்களில் ஆட்டக்காரர்கள் டெக் பட்டியல்களை எழுதினார்கள். பிரையன் வைஸ்மன் என்பவரின் டெக் ‘தி டெக்’ என்ற பெயரிலேயே பிரபலமானது. ஃபிராங்க் குசுமோடோ நடத்திய ‘தி டோஜோ’ என்ற தளம் போட்டி அறிக்கைகளையும் டெக் பட்டியல்களையும் ஓரிடத்தில் குவித்தது. எங்கோ ஒரு நகரத்தில் ஜெயித்த டெக்கை இன்னொரு நாட்டில் இருப்பவர் அடுத்த வாரமே கட்டலாம் என்ற நிலை வந்தது. இதற்கு ‘நெட்டெக்கிங்’ என்று பெயர் வைத்தார்கள். கேட்ட மாத்திரத்தில் வசவு என்று தெரியும் பெயர்!

போட்டி டெக் என்றாலே விலை உயர்ந்த டெக் என்று நினைத்துவிடக் கூடாது. 1996-ல் பால் ஸ்லை என்பவர் ஒரு தகுதிச் சுற்றில் ஆடிய சிவப்பு டெக்கில் பார்த்தால் மட்டமான, மலிவான சின்னச் சின்னக் கார்டுகள். ஆனால் ஒவ்வொரு டர்னிலும் கையில் இருக்கும் மானா (கார்டு இறக்கச் செலவாகும் சக்தி) வீணாகாதபடி அது கணக்குப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அந்த யோசனை ஜே ஷ்னைடருடையது. அந்த வகை டெக்குக்கே ‘ஸ்லை’ என்று பெயர் நிலைத்துவிட்டது. காசு இருப்பவன்தான் ஜெயிப்பான் என்ற வாதத்துக்கு அது ஒரு நல்ல பதில். ஆனால் தோற்பவருக்கு அதனால் ஆறுதல் கிடைத்ததா என்றால், இல்லை. மலிவான டெக்கிடம் ஐந்தாவது டர்னில் தோற்பதும் தோற்பதுதான்.

2002: அறைக்குப் பலகை மாட்டிப் பார்த்தார்கள்

2002 ஜூனில் ‘மேஜிக் ஆன்லைன்’ வந்தது. நேரில் ஆடும்போது இல்லாத ஒரு புதிய பிரச்சினையையும் அது கொண்டுவந்தது. நண்பர் வட்டத்தில் ஒருவர் அளவு மீறினால் மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அடுத்த வாரம் அவர் வேறு டெக் கொண்டு வருவார், அல்லது அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். முகம் தெரியாத ஊரில் இந்தச் சுளிப்புக்கு வேலை இல்லை. ஒரு ஆட்டம் முடிந்தால் அந்த ஆளை மறுபடி பார்க்கவே போவதில்லை.

அதனால் அறைகளுக்குப் பலகை மாட்டினார்கள். சும்மா ஆட ஒரு இடம், போட்டிக்குப் பயிற்சி எடுக்க இன்னொரு இடம் என்று பிரித்தார்கள். பலகை போதவில்லை. ஆட்டத்தைத் திறப்பவர்கள் தங்கள் மேஜையின் குறிப்பில் தாங்களாகவே நிபந்தனை எழுத ஆரம்பித்தார்கள். கவுன்ட்டர் கூடாது, நிலத்தை அழிக்கும் கார்டு கூடாது, கையில் இருப்பதைப் பிடுங்கும் கார்டு கூடாது என்று பட்டியல் நீளும். இந்தப் பட்டியல்களை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். அதில் இருப்பவை எப்போதும் மிகப் பலமான கார்டுகள் அல்ல. எதிராளியை ஆடவே விடாத கார்டுகள். ‘சும்மா ஆட’ வந்தவர்கள் கேட்டது சமபலத்தை அல்ல. தான் கட்டிய டெக் ஒரு தடவையாவது தன் வேலையைச் செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தோற்பதில்கூட அவர்களுக்கு அவ்வளவு வருத்தம் இல்லை.

அதே 2002-ல் மேஜிக் வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரர்களில் மூன்று வகை என்றார். பெரிய அரக்கனை இறக்கி மேஜையை அதிர வைக்க ஆசைப்படுபவர் ‘டிம்மி’. யாரும் யோசிக்காத விதத்தில் கார்டுகளைக் கோத்து தன் மூளையைக் காட்ட நினைப்பவர் ‘ஜானி’. ஜெயித்துத் தன் திறமையை நிரூபிக்க வருபவர் ‘ஸ்பைக்’. மூவரும் ஒரே கேமைத்தான் ஆடுகிறார்கள், ஆனால் மூவருக்கும் கிடைக்கும் சந்தோஷம் வேறு. டிம்மியும் ஜானியும் எதிரெதிரே உட்கார்ந்தால் இருவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போகலாம். அங்கே ஸ்பைக் வந்தால் அவர் மட்டும்தான் சிரிப்பார்.

இதற்கு நேர் எதிரான குரலும் அந்த வருடங்களில் ஒலித்தது. டேவிட் சர்லின் என்ற கேம் வடிவமைப்பாளர், சண்டை கேம்களைப் பற்றிப் பேசும்போது, விதியில் இல்லாத தடைகளைத் தானே போட்டுக்கொண்டு, அதை மற்றவர்களும் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவரை ‘ஸ்க்ரப்’ என்று அழைத்தார். விதி அனுமதிப்பதை எல்லாம் பயன்படுத்துபவன்தான் விளையாட்டை முழுமையாக ஆடுகிறான் என்பது அவர் வாதம். ‘பிளேயிங் டு வின்’ என்ற புத்தகமாகவும் அது வந்தது. போட்டி மேடையைப் பொறுத்தவரை அந்த வாதத்தை அசைப்பது கஷ்டம். ஆனால் கேஷுவல் அறைக்கு அது பொருந்துமா? இந்தக் கேள்வியில்தான் இரண்டு கட்சியும் இன்று வரை முட்டிக்கொண்டு நிற்கின்றன.

2014: ஹார்த்ஸ்டோன் சொல்லிக்கொடுத்த பாடம்

இந்தச் சண்டையைப் பெருங்கூட்டத்துக்கு எடுத்துச் சென்றது பிளிசார்டு கம்பெனியின் ‘ஹார்த்ஸ்டோன்’. 2014 மார்ச் 11 அன்று முறைப்படி வெளியானது. இலவசம். 30 கார்டு டெக், 9 ஹீரோ வகுப்புகள். பிளே பட்டனை அழுத்தினால் கேஷுவல், ரேங்க்டு என்று இரண்டே தேர்வு. ரேங்க்டில் 25-ல் தொடங்கி 1 வரை ஏறி அதற்கு மேல் ‘லெஜண்ட்’. கேஷுவலில் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

இத்தனை தெளிவாகப் பிரித்த பிறகும் கேஷுவலில் போட்டி டெக்குகள் குவிந்தன. ஏன்? "சிலருக்கு அப்பாவிகளை அடித்துப் பார்ப்பதில் ஒரு ஆசை" என்பது வழக்கமான பதில். அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் முக்கியக் காரணங்கள் வேறு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் காரணம் கூலி. மூன்று ஆட்டம் ஜெயித்தால் 10 தங்கம், ஒரு நாளைக்கு 100 தங்கம் வரை. 100 தங்கத்துக்கு ஒரு பாக்கெட், அதில் 5 கார்டு. இந்தக் கூலி கேஷுவலிலும் கிடைத்தது. "இந்த வகுப்பை வைத்து இரண்டு ஆட்டம் ஜெயி" என்பது போன்ற தினசரி வேலைகளையும் கேஷுவலிலேயே முடிக்கலாம். கூலி ஆடியதற்கு அல்ல, ஜெயித்ததற்கு. ஜெயித்தால்தான் காசு என்று சொல்லிவிட்டு, ‘சும்மா’ ஆடுங்கள் என்றால் யார் கேட்பார்கள்?

இரண்டாவது காரணம் வறுமை. வேண்டாத கார்டை உடைத்தால் ‘டஸ்ட்’ கிடைக்கும், அதை வைத்து வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். ஒரு லெஜண்டரி கார்டு செய்ய 1600 டஸ்ட். ஒரு பாக்கெட்டில் நாலு சாதாரண கார்டும் ஒரு ரேர் கார்டும் மட்டும் வந்தால், எல்லாவற்றையும் உடைத்தாலும் கிடைப்பது 40 டஸ்ட்தான். அதாவது அதிர்ஷ்டமே இல்லாதவர் ஒரே ஒரு லெஜண்டரிக்கு 40 பாக்கெட், அதாவது 4000 தங்கம் செலவழிக்க வேண்டும். இப்படிச் சேர்த்துச் சேர்த்து ஒருவர் ஒரே ஒரு நல்ல டெக் கட்டியிருப்பார். அவர் கேஷுவலுக்கு வேறு எதைக் கொண்டுவருவார்? ரேங்க்டுக்கு ஒரு சட்டை, கேஷுவலுக்கு ஒரு சட்டை என்று வைத்திருக்க வசதி வேண்டும். வெறும் வேடிக்கைக்காக டெக் கட்டுவது பணக்காரச் செயல் என்று சொன்னால் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

மூன்றாவது காரணம் பயம். புது டெக்கைப் பழகும்போது நிறையத் தோற்போம். ரேங்க்டில் தோற்றால் நட்சத்திரம் போகும். கேஷுவலில் எதுவும் போகாது. எனவே போட்டி டெக்கைப் பழகுவதற்கு உகந்த இடமே கேஷுவல் என்றானது. மேஜிக் ஆன்லைனில் பயிற்சிக்கென்று தனி அறை இருந்தது. ஹார்த்ஸ்டோனில் அந்த அறையும் கேஷுவலும் ஒன்றாகிவிட்டன.

நான்காவது காரணம் சுலபம். ஜெயிக்கும் டெக் பட்டியல்களைத் தரும் தளங்கள் பெருகின. 2017-ல் டெக்கை ஒரு எழுத்துச் சங்கேதமாக நகலெடுத்து ஒட்டும் வசதியும் வந்தது. சொந்தமாகக் கட்ட ஒரு மாலை முழுவதும் ஆகும், நகலெடுக்க சில நொடி போதும்.

2014 ஜூலையில் வந்த ‘அண்டர்டேக்கர்’ என்ற கார்டை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். ஒரே ஒரு மானா விலை. அதை முதல் டர்னில் இறக்கிவிட்டு, அடுத்தடுத்து சின்னச் சின்ன ‘டெத்ராட்டில்’ கார்டுகளை இறக்கினால் அது வளர்ந்துகொண்டே போகும். அதைச் சுற்றிக் கட்டிய ஹன்டர் டெக் மலிவு, வேகம், பழகுவதும் எளிது. 2015 ஜனவரியில் அந்தக் கார்டின் பலத்தைக் குறைத்தார்கள். அதுவரை அந்த டெக்கிடம் அடி வாங்காதவர்கள் குறைவு. கூலிக்காக வேகமாக ஜெயிக்க வேண்டும், செலவும் ஆகக் கூடாது என்பவருக்கு அதைவிட நல்ல டெக் ஏது?

மறைந்திருக்கும் எண்

"கேஷுவலிலும் சமமானவர்களைத்தானே சேர்த்து வைக்கிறார்கள்?" என்று கேட்கலாம். ஆமாம், திரையில் காட்டாவிட்டாலும் உள்ளே ஒரு மதிப்பெண் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெயித்தால் கூடும், தோற்றால் குறையும். அருகருகே மதிப்பெண் உள்ளவர்களை மோத விடுவார்கள். செஸ் வீரர்களின் எலோ ரேட்டிங்கின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு நுட்பமான கோளாறு உண்டு. அந்த எண் அளப்பது ஜெயிப்பதை மட்டும்தான், என்ன நோக்கத்தோடு வந்தார் என்பதை அல்ல. நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் ஒரு கோமாளி டெக்கை எடுத்து வந்து பாதி ஆட்டங்களில் ஜெயிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே போலப் பாதி ஜெயிப்பவர் யார்? பலமான டெக்கை நகலெடுத்து வந்து, ஆனால் அதைச் சரியாக ஆடத் தெரியாதவர்! எண்கள் இரண்டும் சமம். மெஷினைப் பொறுத்தவரை இது நியாயமான ஆட்டம். கோமாளி டெக் வைத்திருப்பவருக்கோ, "மறுபடியும் போட்டி டெக்கா!" என்ற எரிச்சல். இரண்டும் உண்மை.

உண்மையில் இதில் பாதிக்கப்பட்டவர் கோமாளி டெக்காரர்கூட அல்ல. நேற்று கேமை இறக்கி, கையில் அடிப்படைக் கார்டுகள் மட்டும் வைத்திருக்கும் புதியவர்தான். ரேங்க்டு என்ற பெயரைப் பார்த்தாலே பயந்து, கேஷுவல் என்றால் சுலபம் என்று நம்பி வருபவர் அவர். நாலு ஆட்டம் அடி வாங்கினால் ஐந்தாவது ஆட்டத்துக்கு அவர் வர மாட்டார். புதியவர் வராத கேம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். கம்பெனிகள் இதை மிகவும் சீரியஸாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். 2018-ல் ஹார்த்ஸ்டோன் புதியவர்களுக்கென்று 50 முதல் 26 வரை தனிப் படிக்கட்டு வைத்தது. 2020-ல் தரவரிசையையே மாற்றியபோது, புதியவர்கள் தங்களுக்குள் மட்டும் ஆட 40 பயிற்சிப் படிகள் கொடுத்தது. அதாவது, ‘கேஷுவல்’ செய்யும் என்று நம்பிய வேலையை, ரேங்க்டுக்கு உள்ளேயே செய்ய வேண்டியதாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 2017-ல் ரேங்க்டில் 15, 10, 5 ஆகிய இடங்களில் தரைகள் போட்டார்கள். ஒரு தரையைத் தொட்டுவிட்டால், அந்த மாதம் எவ்வளவு தோற்றாலும் அதற்குக் கீழே விழ மாட்டார்கள். விளைவு? தரையில் நிற்பவருக்கு இழக்க எதுவும் இல்லை. அவர் ஆசைப்பட்ட கிறுக்கு டெக்கை எல்லாம் ரேங்க்டிலேயே ஆடிப் பார்க்கலாம். கேஷுவலில் போட்டி டெக், ரேங்க்டில் வேடிக்கை டெக்! ஆட்கள் பலகையைப் பார்த்து நடப்பதில்லை, எங்கே எதை இழப்போம் என்பதைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள்.

டெக்கை எடை போடும் தராசு

2018 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ‘மேஜிக் அரீனா’ வேறொரு வழியை எடுத்தது. தரவரிசை இல்லாத வரிசையில் ஆட்டக்காரரின் எண்ணோடு டெக்கின் பலத்தையும் கணக்கில் எடுத்து ஜோடி சேர்த்தார்கள். தலைமைக் கார்டு ஒன்றைச் சுற்றி, எந்தக் கார்டும் இரண்டாவது தடவை வராமல் கட்டும் ‘ப்ரால்’ முறையிலும், தலைமைக் கார்டுக்கு இத்தனை எடை என்று வைத்தார்கள். பலமான தலைவர்களைக் கொண்டு வருபவர்கள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்ளட்டும் என்பது யோசனை. ஆட்டக்காரர்கள் அந்தப் பகுதிக்கு ‘நரக வரிசை’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் தராசு எதை எடை போடுகிறது என்று தெரிந்தால், அதை ஏமாற்றவும் தெரியும். கனமில்லாத தலைவரை முன்னால் நிறுத்தி, பின்னால் கூர்மையான டெக்கை ஒளித்து வைக்கலாம். தராசு எப்படி வேலை செய்கிறது என்று முழுதாகச் சொல்லாவிட்டாலோ, ஒவ்வொரு தோல்விக்கும் தராசின் மேலேயே பழி விழும். சொன்னால் ஏமாற்று, சொல்லாவிட்டால் சந்தேகம்.

மெஷின் இல்லாமல் பேசித் தீர்த்தவர்கள்

இதே காலத்தில் இன்னொரு கூட்டம் மெஷினே வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது. அதுதான் ‘கமாண்டர்’. 1990-களில் அலாஸ்காவில் ஆடம் ஸ்டேலியும் அவர் நண்பர்களும் தொடங்கியது. ஷெல்டன் மெனரி என்பவர் அதை உலகம் முழுவதும் பரப்பினார். 100 கார்டு, 40 உயிர், வழக்கமாக நாலு பேர், ஒரு கார்டு ஒரு தடவைதான். 2011-ல் விசார்ட்ஸ் கம்பெனியே அதற்கென டெக்குகள் விற்க ஆரம்பித்தது. விதிகளைப் பார்த்துக்கொண்டது கம்பெனி அல்ல, ஆட்டக்காரர்களின் ஒரு சிறு குழு. ஆட்டத்துக்கு முன்னால் நாலு பேரும் என்ன மாதிரி ஆட்டம் வேண்டும் என்று பேசிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அதற்கு ‘ரூல் ஜீரோ’ என்று பெயர்.

தெரிந்தவர்களுக்குள் இது அழகாக நடந்தது. ஆன்லைனில், குறிப்பாக 2020-ல் கொரோனா காலத்தில் வெப்கேம் வழியாக முகம் தெரியாதவர்கள் ஆட ஆரம்பித்தபோது, பேச்சு திணறியது. டெக்கின் பலத்தை 1 முதல் 10 வரை சொல்லச் சொன்னால், எல்லோரும் 7 என்றார்கள். பிறகு அதுவே ஒரு நகைச்சுவையாகிவிட்டது. அதில் பொய் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் உண்மையாகவே தங்கள் டெக் நடுத்தரம் என்று நம்பினார்கள். அவரவர் நண்பர் வட்டம்தானே அவரவர் அளவுகோல்!

2024 செப்டம்பரில் அந்தச் சண்டை அசிங்கமான இடத்துக்குப் போனது. மெனரி அதற்கு ஒரு வருடம் முன்பு காலமாகியிருந்தார். விதிக் குழு மானா கிரிப்ட், ஜூவல்டு லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், நாடு ஆகிய நாலு கார்டுகளைத் தடை செய்தது. கேஷுவல் மேஜைகளில் ஆட்டம் மிக வேகமாக முடிந்துவிடுகிறது என்பது அவர்கள் கவலை. அவற்றில் சில நூறு டாலர் பக்கம் விலை போன கார்டுகள். ஒரே நாளில் விலை சரிந்தது. குழுவில் இருந்தவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரு வாரத்துக்குள் அந்தக் குழு பொறுப்பை விசார்ட்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு விலகியது. சம்பளம் இல்லாமல், விளையாட்டின் மேல் உள்ள ஆசையால் இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட வேலை, கடைசியில் பயத்தில் முடிந்தது. ‘சும்மா ஆடுவது’ பற்றிய சண்டையில் இழப்பதற்கு எதுவுமில்லை என்று யார் சொல்வது?

2025 பிப்ரவரியில் விசார்ட்ஸ் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையைச் சோதனைக்கு விட்டது. முதல் படி காட்சிக்காக ஆடுவது, ஐந்தாவது படி முழுப் போட்டி. ஆட்டத்தின் போக்கையே மாற்றும் கார்டுகளுக்கு ஒரு பட்டியல், எந்தப் படியில் அவற்றில் எத்தனை வைக்கலாம் என்று ஒரு கணக்கு. இங்கே கவனிக்க வேண்டியது, இது கட்டாயச் சட்டம் அல்ல. பேசுவதற்குப் பொதுவான சொற்களைக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். "7" என்று சொல்வதைவிட "மூன்றாவது படி" என்று சொன்னால் எதிராளி கொஞ்சம் குறிப்பாகக் கேள்வி கேட்க முடியும்.

அப்படியென்றால் யார் சொல்வது சரி?

முப்பது வருடக் கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கேஷுவல் என்ற சொல்லுக்கு எப்போதுமே இரண்டு அர்த்தங்கள் இருந்தன. ஒன்று, தோற்றால் எதுவும் போகாது. இன்னொன்று, எதிராளியும் ஆசைக்கு ஆட வந்தவர். கேம் செய்தவர்கள் பெரும்பாலும் கொடுத்த வாக்கு முதலாவது. ஆட்டக்காரர்கள் காதில் விழுந்தது இரண்டாவது. போட்டி டெக்கோடு வருபவர் முதல் அர்த்தத்தில் கேஷுவல் ஆடுகிறார், அவர் பொய் சொல்லவில்லை. தோற்று எரிச்சலடைபவர் இரண்டாவது அர்த்தத்தை நம்பி வந்தார், அவரும் அழுமூஞ்சி அல்ல.

இரண்டு அர்த்தங்களில் முதலாவதைக் கம்பெனி ஒரு பட்டனில் கொடுத்துவிடலாம். இரண்டாவதை எந்தப் பட்டனும் கொடுக்க முடியாது. ஆனால் அதற்கு உதவி செய்யலாம், கெடுக்காமலாவது இருக்கலாம். ஜெயித்தால்தான் கூலி என்று வைத்தால் கேஷுவல் கெடும். ஒரு டெக் கட்டவே மாதக்கணக்கில் ஆகும் என்றால் கெடும். பயிற்சிக்குத் தனி இடம் இல்லாவிட்டால் கெடும். மாறாக, ஆடியதற்கே கூலி கொடுத்தால், தோற்றால் விழாத தரை போட்டால், புதியவருக்குத் தனிப் படிக்கட்டு வைத்தால் சண்டை பாதி குறையும். மீதிப் பாதி மனிதர்கள் விஷயம். 1993-ல் நண்பர் வட்டத்தில் முகச்சுளிப்பு செய்த வேலையை முகம் தெரியாத இடத்தில் செய்ய, "என்ன மாதிரி ஆட்டம் வேண்டும்?" என்ற ஒரு கேள்வி தேவைப்படுகிறது. பல கேம்களில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வழிகூட இல்லை. வணக்கம், நன்றி, மன்னிக்கவும் என்று நாலைந்து பட்டன் மட்டும் இருக்கும்.

போட்டி டெக்கைக் கேஷுவலில் ஆடுவது குற்றம் இல்லை. ஆனால் எதிரில் அடிப்படைக் கார்டுகளோடு உட்கார்ந்திருப்பவர் ஒரு புதியவர் என்று தெரிந்த பிறகும் அதே டெக்கோடு பத்தாவது ஆட்டத்துக்கு உட்கார்ந்தால், அதில் வெல்வதற்கு எதுவும் மிச்சம் இல்லை. அந்தப் புதியவர் நாளை வராவிட்டால், வரிசையில் காத்திருக்கப்போவது இன்று ஜெயித்தவர்தான்.